நிலைக்காலில் நிற்காத கோடு

ஒரு தகர டப்பா. ஒரு காலத்தில் அதில் பிஸ்கோத்து இருந்திருக்க வேண்டும். மூடியில் ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டியின் முகம் பாதி தேய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. காவிக்கட்டியைத் தூளாக்கி, தண்ணீரும் கொஞ்சம் கஞ்சித் தெளிவும் விட்டுக் குழைத்து அதில் ஊற்றி, துணி சுற்றிய குச்சி ஒன்றையும் போட்டு என் கையில் கொடுத்தார்கள். எந்த வீட்டில் பள்ளிக்கூடம் போகிற வயதில் எத்தனை பிள்ளை இருக்கிறதோ, அந்த வீட்டு நிலைக்காலில் அத்தனை கோடு நான் இழுக்க வேண்டும். இரண்டு பிள்ளை என்றால் இரண்டு கோடு. பிள்ளை இல்லாத வீட்டுக்கு ஒன்றும் கிடையாது. அதுதான் வேலை. யாரிடமும் பேச வேண்டியதில்லை என்று சொன்னதால்தான் நான் ஒப்புக்கொண்டேன்.

அப்போது நான் கல்யாணமாகாத பெண். கன்னியர் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் படித்தேன், அதோடு நிறுத்திவிட்டார்கள். பிறகு பெண்பிள்ளைகள் படிக்கிற வேறொரு பள்ளிக்கூடத்தில் வகுப்பு கூட்டுவதும் பானையில் தண்ணீர் நிரப்பி வைப்பதுமாக வேலைக்குச் சேர்ந்தேன். எதிரே ஆள் வந்தால் சுவர் ஓரமாக ஒதுங்கி நிற்கிற சுபாவம் எனக்கு. இன்றைக்கும் கடைக்காரனிடம் வாய்விட்டு ஒரு சாமான் கேட்க இரண்டு தரம் எச்சில் விழுங்க வேண்டும். பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போய் இரண்டொரு வருஷம் ஆகியிருந்தது. ஊரில் எதையெடுத்தாலும் புதிதாகக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளையும் கணக்கெடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. எழுதுவதற்கு எங்கள் பள்ளிக்கூடத்துச் சின்ன டீச்சர், கோடு போட நான். குருசுக்குப்பத்துக் கடலோரச் சந்துகள் எங்கள் பங்கு.

சின்ன டீச்சர் நல்லவர். காரைக்கால் பக்கத்துப் பெண். வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு மணலில் செருப்பு புதையப் புதைய நடப்பார். எங்களைப் பார்த்ததுமே வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். "இன்னா டீச்சரம்மா, வூட்டுக்கு வரி போட்டாச்சு, இப்ப புள்ளைக்கும் வரியா?" என்று ஒரு கிழவர் கேட்டார். "வரி இல்ல பெரியவரே, புள்ளைங்கள பள்ளிக்கூடத்துல சேக்கறதுக்கு" என்று டீச்சர் சொன்னதும், இன்னொரு பெண்பிள்ளை, "எங்க வூட்டுக்காரரையும் ஒரு கோடு போட்டு இட்டுனு போயிடுங்க, ஒரு வேளைச் சோறு மிச்சமாவும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் டப்பாவுக்குள்ளேயே முகத்தை வைத்துக்கொண்டேன். சிரித்தாலும் பிள்ளைகளை ஒளிக்கவில்லை. கணக்கில் வந்த பிள்ளைக்குத்தான் இந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் இடம் என்று டீச்சர் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு தாயும் பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்து முன்னால் நிறுத்தினாள். வீட்டுக்காரர் யாராவது ஒருவர், "இது எங்க வீட்டுப் பிள்ளை" என்று சொல்லிக் கைநாட்டு வைக்க வேண்டும். வைத்தவுடன் நான் கோடு போடுவேன். என் பின்னாலேயே ஒரு கூட்டம் வந்து, யார் வீட்டில் எத்தனை கோடு என்று பார்த்துக்கொண்டே இருக்கும்.

அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் வந்தவள் தவுடு. ஏழு வயது இருக்கும். அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். எண்ணெய் காணாத தலை, யாரோ பெரியவளின் ரவிக்கையை முடிச்சுப் போட்டுச் சட்டையாக மாட்டியிருந்தாள். நான் குச்சியை டப்பாவில் முக்குகிறபோது மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பாள். கோடு நேராக விழுந்தால் மூச்சு விடுவாள். மூன்று சந்து இப்படியே வந்தாள். கடைசியில், ஒரு கூரை வீட்டுக்கு முன்னால் ஓடிப்போய் நிலைக்காலைத் தட்டி, "இதான் எங்க வூடு. இங்கப் போடு" என்றாள்.

அந்த வீட்டுக்காரியைத்தான் நான் மீன்கார அக்கா என்று சொல்வேன். காலையில் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு, அப்போதுதான் திரும்பி வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். முப்பது வயதுக்குள் இருப்பாள். ஆனால் பார்த்தால் தெரியாது. "உங்க பொண்ணாம்மா?" என்று டீச்சர் கேட்டார். அக்கா தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். "எனக்குப் புள்ளயே கெடையாது டீச்சர்" என்றாள் அக்கா. "அது எதுத்த வூட்டுப் பொண்ணு."

எதிர்வீடு எங்கள் மாதா கோயில்காரர்கள் வீடு. அந்த அத்தையை எனக்கு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பார்த்துப் பழக்கம். அவர்கள் வீட்டு நிலையில் இரண்டு பையன்களுக்கும் சேர்த்து இரண்டு கோடு அப்போதுதான் போட்டிருந்தேன். அந்த ஈரமே காயவில்லை. டீச்சர் திரும்பி அத்தையைக் கேட்டார். அத்தை முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். "நான் பெக்கல டீச்சர். இந்தத் தெருவுக்கே தெரியும். பொய் சொல்லிட்டு நான் எப்பிடிப் பூசையில சாமியார் கையால நன்மை வாங்கப் போவேன்?"

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிறக்கிற பிள்ளை தங்காத வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்துப் பிறக்கிற பிள்ளையை, பக்கத்து வீட்டுக்காரி ஒரு முறம் தவிடு கொடுத்து வாங்கிக்கொள்வாள். கொடுத்தாற்போல, வாங்கினாற்போல. பிள்ளை வளர்வது என்னவோ பெற்றவளிடம்தான். ஆனால் அது இவளுடையது இல்லை என்று ஆகிவிடும். எது வந்து முன் பிள்ளைகளைக் கொண்டுபோனதோ அது ஏமாந்து திரும்பிவிடும் என்பது கணக்கு. அம்மன் கோயிலில் வேண்டுதலை முடித்து, தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்கிற வரைக்கும், பெற்றவள் தன் வாயால் 'என் பிள்ளை' என்று சொல்லக்கூடாது. பேர் வைக்கக்கூடாது. மீன்கார அக்கா வரிசையாக மூன்று பிள்ளைகளைப் புதைத்தவள். நாலாவது வயிற்றில் இருக்கும்போது புருஷன் கட்டுமரத்தோடு போய்த் திரும்பவில்லை. அதனால் தவுடு, 'அம்மா' என்ற சொல்லையே பெற்றவளுக்குச் சொன்னதில்லை. "யக்கா" என்றுதான் கூப்பிடுவாள்.

எதிர்வீட்டு அத்தை பிள்ளையை வாங்கியது இரக்கத்தில். பிறகு பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொல்லப்போக, சாமியார், "இது அஞ்ஞானம், இனிமேல் அந்தப் பிள்ளையை உன் பிள்ளை என்று சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடு" என்று கண்டித்துவிட்டார். அத்தையும் கொடுத்துவிட்டார். அத்தை அப்படி, சொன்னால் சொன்னதுதான். சோறு போடுவார், தலை சீவிவிடுவார், ஆனால் வாக்கை மீறமாட்டார். ஆக, ஒருத்தி சொன்னால் பிள்ளை போய்விடும் என்று பயந்தாள்; ஒருத்தி சொன்னால் ஆத்துமம் போய்விடும் என்று பயந்தாள். நடுச்சந்தில் தவுடு நின்றுகொண்டு இந்த வாசலையும் அந்த வாசலையும் பார்த்தாள்.

டீச்சருக்கும் இதெல்லாம் புரியாமல் இல்லை. அவர் அக்கா பக்கம் குனிந்து மெதுவாகப் பேசினார். "மேரியில பொறப்பு பதிஞ்சிருக்கா?" என்று கேட்டார். மேரி என்பது எங்கள் ஊரில் நகரசபைக் கட்டடம். பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்தே பிறப்பு இறப்பெல்லாம் அங்கேதான் பதிவார்கள். "பேரே வெக்கலியே, இன்னான்னு பதியறது" என்றாள் அக்கா. "சரி, நீ வாயால சொல்ல வேணாம். தலைய ஆட்டு. கைநாட்டு மட்டும் வையி. மீதிய நான் எழுதிக்கறேன்." அப்போது அக்கா செய்ததை என்னால் மறக்க முடியவில்லை. டீச்சர் காலில் விழப் போனாள். "எழுதாதீங்க டீச்சர். ஒங்களுக்குப் புண்ணியமாப் போவட்டும். எழுதனா அது தங்காது. அதப் படிக்க வெக்கணும்னு எனக்கு ஆசையில்லன்னா நெனக்கறீங்க? மார்க்கெட்டுல எவ எவளோ கணக்குல ஏமாத்தறா, கேக்கத் தெரியாம நிக்கறேன். அதுவாச்சும் படிக்கணும்னுதான் இருக்கேன். ஆனா இப்ப எழுதாதீங்க." நாங்கள் அந்த நிலைக்காலைத் தாண்டிப் போனோம். தவுடு எங்களோடு அடுத்த சந்துக்கு வரவில்லை.

அன்றைக்கு ராத்திரி எனக்கு என்ன தைரியம் வந்ததோ, மறுநாள் காலையில் மீன் வாங்குகிறாற்போல மார்க்கெட்டுக்குப் போனேன். மீன் வரிசையில் ஒரே கூச்சல், வழுக்கல், ஈ. அக்கா சுதும்பு மீனும் காரப்பொடி மீனும் கூறுகட்டி வைத்திருந்தாள். என்னைக் கண்டதும் பக்கத்துக்காரியிடம், "தோ பாருடி, கோடு போடற மகராசி வந்துட்டா. என் மூஞ்சியில ஒண்ணு போடச் சொல்லு, அதான் காலியா கெடக்குது" என்றாள். சிரிப்பு அடங்குகிற வரைக்கும் நின்றேன். பிறகு அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அக்கா, மாசம் முடியறதுக்குள்ள கணக்கை முடிச்சுக் குடுத்துடுவாங்களாம். அப்பறம் இடம் கெடைக்காது" என்றேன். என் வாழ்க்கையில் நான் வலியப் போய்ப் பேசிய பேச்சு அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அக்கா கத்தியைத் துடைத்து வைத்தாள். "ஆடி வரட்டும் பாப்பா. செடல் அன்னிக்கு அம்மனுக்கு வேண்டுதல முடிச்சுட்டு மீட்டுக்கறேன். அதுக்குன்னு சீட்டுப் புடிச்சுச் சேத்துனு வரேன். மீட்டுட்டு நானே வந்து ஒங்க டீச்சரு முன்னால, எம் பொண்ணுன்னு ஊரு கேக்கக் கத்தறேன். அதுக்கப்பறம் நீ ஒரு கோடு இல்ல, கதவு பூரா போடு." "ஆடிக்குள்ள கணக்கு முடிஞ்சிடுமேக்கா." "ஒரு மாசம் பொறுக்கமாட்டாங்களா? புள்ள எங்க ஓடப்போவுது?" கேட்காமலே ஒரு கூறு காரப்பொடியை வாழைச்சருகில் கட்டி என் கையில் திணித்தாள். டீச்சரிடம் வந்து சொன்னேன். அவர் மேலதிகாரிகளிடம் போய்க் கேட்டார். ஒரு பிள்ளைக்காகக் கணக்கை நிறுத்தி வைக்க முடியாது, அடுத்த தடவை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

கடைசி நாள் சாயங்காலம் டீச்சர், "வா, இன்னொரு தரம் கேட்டுப் பாக்கலாம்" என்றார். நாங்கள் சந்துக்குள் திரும்பியபோது அக்கா இன்னும் வரவில்லை. தவுடு மட்டும் வாசலில் முதுகை நிமிர்த்தி நின்றிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் நிலைக்காலில் ஒரு கோடு. சிவப்பு. நான் போட்டதைவிட நேராக இருந்தது. உடைந்த ஓட்டுச்சில்லை எச்சிலில் தொட்டுத் தொட்டு இழுத்திருக்கிறாள். உதடெல்லாம் செம்மண் நிறம். "யாரு போட்டது?" என்றார் டீச்சர். "நான்தான். எங்க வூட்டுக்கு ஒண்ணு" என்றாள் தவுடு. டீச்சர் சிரித்துவிட்டார். எனக்கும் அந்த நிமிஷம் எல்லாம் சரியாகிவிடும்போல இருந்தது. பிள்ளையே போட்டுக்கொண்டுவிட்டது, இனி யார் சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன என்று தோன்றிவிட்டது.

அக்கா தலையில் காலிக்கூடையோடு சந்து முனையில் வந்தாள். எங்களைப் பார்த்தாள். அப்புறம் நிலைக்காலைப் பார்த்தாள். கூடை எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. ஓடி வந்து பிள்ளையைத் தள்ளிவிட்டு, இரண்டு கை நிறைய மணலை அள்ளி, தொட்டித் தண்ணீரை வாரி அடித்து, தேங்காய் நாரால் அந்தக் கோட்டைத் தேய்க்க ஆரம்பித்தாள். "எவடி ஒன்னப் போடச் சொன்னது? எவ சொன்னது? இங்க யாரும் இல்ல, இங்க புள்ளயே இல்ல, இது தவுட்டுக்கு வந்தது" என்று எங்களுக்குச் சொல்கிறாளா, வேறு எதற்கோ சொல்கிறாளா தெரியாமல் சொல்லிக்கொண்டே தேய்த்தாள். சிவப்பு போன பிறகும் நிறுத்தவில்லை. மரத்தின் கறுப்பு போய், உள்ளே வெளுப்பு தெரிகிற வரைக்கும் தேய்த்தாள். எதிர்வீட்டு அத்தை வந்து கையைப் பிடித்துத் தூக்கியபோது விரல்முட்டியெல்லாம் ரத்தம். தவுடு அழவில்லை. விழுந்த கூடையை எடுத்துக்கொண்டு வந்து உள்ளே வைத்துவிட்டு, "யக்கா, வாக்கா" என்று அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். டீச்சர் குடையை விரிக்காமலே நடந்தார்.

ஆடி வந்தது. செடல் திருவிழாவில் அக்கா சொன்னபடியே செய்தாள். எதிர்வீட்டு அத்தை கோயிலுக்கு வரமாட்டார். அதனால் அவர் வாசலிலேயே ஒரு முறம் தவிட்டை வைத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாளாம். அம்மன் பேரை வைத்தாள். மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றாள். கூட வந்த பிள்ளையின் மொட்டைத் தலைக்குச் சந்தனம், புதுப் பாவாடை, கையில் ஒரு சிலேட்டு. வாசலில் வண்டிக்காரனிடம், "எம் பொண்ணு" என்றாள். தண்ணீர்ப்பானை பக்கத்தில் நின்ற என்னிடம், "எம் பொண்ணு பாப்பா, பாத்தியா" என்றாள். எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம், "தள்ளுங்கடி, எம் பொண்ணு வருது" என்றாள். ஏழு வருஷம் வாயில் அடைத்து வைத்திருந்த சொல் அது. அதைச் சொல்கிற சந்தோஷத்தில், தலைமை டீச்சர் சொன்னது அவள் காதில் முதலில் ஏறவேயில்லை.

தலைமை டீச்சர் கெட்டவரில்லை. முதல் வகுப்பில் பிள்ளைகள் ஒருத்தர் மடியில் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார்கள். கணக்கில் வந்த பிள்ளைகளுக்கே பலகை போதவில்லை. சின்ன டீச்சரையும் அதற்குள் காரைக்காலுக்கே மாற்றிவிட்டார்கள். எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. நான் வாயைத் திறந்து, "அம்மா, இந்தப் பிள்ளை அன்னிக்கு..." என்று ஆரம்பித்தேன். "நீ பானையில தண்ணி இருக்கான்னு பாரு" என்றார். பிறகு அக்காவிடம், "கணக்குல இல்லாத புள்ளைய நான் எங்கம்மா உக்கார வெப்பேன்? அடுத்த வருஷம் கூட்டிட்டு வா" என்றார். அக்கா சிரித்த முகத்தோடேயே, "சரிங்கம்மா, அடுத்த வருசம் வரேன். எம் பொண்ணுதான்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். தெருவுக்கு வந்த பிறகுதான் அவள் நடை குறைந்தது. தவுடு சிலேட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "யக்கா, எப்ப உள்ள போறது?" என்று கேட்டாள். "அம்மான்னு சொல்லுடி" என்றாள் அவள். தவுடு அந்தச் சொல்லை ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். வீடு போய்ச் சேர்வதற்குள் பழையபடி யக்கா ஆகிவிட்டதாம். அக்கா சாகிற வரைக்கும் யக்காதான்.

அந்த வருஷத்து மழையிலேயே அக்காவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கூடை தூக்க முடியவில்லை. கூடை தூக்காவிட்டால் அடுப்பு எரியாது. தவுடு தூக்கினாள். முதலில் சின்னக் கூடை, பிறகு பெரியது. மறுபடி கணக்கெடுக்க வந்தபோது வேறொரு டீச்சர். டப்பா அதேதான். அக்கா பாயில் படுத்தபடியே, யாரும் கேட்பதற்கு முன்னாலேயே, "ஒரு பொண்ணு, எம் பொண்ணு, எழுதிக்குங்க" என்று சொல்லிக் கைநாட்டும் வைத்தாள். "பிள்ளை எங்கே?" என்று அந்த டீச்சர் கேட்டார். "மார்க்கெட்டுல" என்றாள். பிள்ளை எங்கே இருந்தாலும் வயது இருந்தால் கோடு போட வேண்டும் என்பது விதி. நான் குச்சியை முக்கி, அந்த வெளுத்த இடத்தின் மேலேயே நல்ல அழுத்தமாக ஒரு கோடு இழுத்தேன். அக்கா படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். "நேரா இருக்குது" என்றாள்.

அந்தக் கோடு ஐப்பசி மழைக்கே கரைந்துபோயிற்று. தெருவில் நான் போட்ட எல்லாக் கோடும் அப்படித்தான் போயிற்று. தவுடு பள்ளிக்கூட வாசலில் அதற்குப் பிறகு நின்றது மீன் விற்பதற்குத்தான். "டீச்சரம்மா, நெத்திலி" என்று கூவுவாள். சிலேட்டை அக்கா அடுப்புக்குப் பக்கத்தில் உப்புச்சட்டிக்கு மூடியாக வைத்திருந்தாள். கொஞ்ச நாளில் அதுவும் உடைந்தது.

இப்போது கூரை போய் அந்த இடத்தில் சிமெண்டு வீடு. ஆனால் நிலை பழைய நிலைதான்; நல்ல வேம்பு என்று அதையே மறுபடி வைத்துக் கட்டினார்கள். நானும் குருசுக்குப்பத்துக்கே வாழ்க்கைப்பட்டேன். முழங்கால் வலி இல்லாத சாயங்காலங்களில் போய் தவுடு பக்கத்தில் உட்காருவேன். அவளுக்கும் பல் போய்விட்டது. போன மாதம் வீடு வீடாக எதையோ கணக்கெடுக்க ஒரு சின்னப் பெண் கையில் போனோடு வந்தாள். "பேரு சொல்லுங்க ஆயா" என்றாள். தவுடு கொஞ்சம் யோசித்துத்தான் அம்மன் பேரைச் சொன்னாள். "வயசு?" தவுடு என் பக்கம் திரும்பினாள். "எனக்கு இன்னா வயசுக்கா ஆவுது?" மேரியிலும் பதிவு இல்லை, பள்ளிக்கூடத்திலும் இல்லை, வயதுக்கு அத்தாட்சி கேட்டுத்தான் அவளுடைய முதியோர் பண மனுவைக்கூடத் திருப்பித் திருப்பி அனுப்பினார்கள். நான் என் வயதிலிருந்து கழித்து ஒன்றைச் சொன்னேன். "படிப்பு?" என்றாள் அந்தப் பெண். "போவலம்மா" என்றாள் தவுடு. அந்தப் பெண் போனில் ஒரு தட்டு தட்டிவிட்டு, நம்பர் போட்ட காகிதம் ஒன்றை நிலைக்காலில் ஒட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

அந்தத் தகர டப்பா எந்தக் குப்பையில் போயிற்றோ. எத்தனையோ தரம் பெயிண்டு அடித்தும், நிலைக்காலில் ஒரு முழத்துக்கு மரம் குழிந்துதான் இருக்கிறது. அக்கா மணல் போட்டுத் தேய்த்த இடம். தவுடு அதில்தான் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்காருகிறாள். தோதாக இருக்கிறதாம்.